அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள்: யாரையும் சீக்கிரம் பெரியவனாக்க வேண்டாம்

கேள்வி கேட்டவர் ஒரு தாய். மூத்த பெண்ணுக்கு 4 வயது, அடுத்த பையனுக்கு இரண்டரை, கைக்குழந்தைக்கு 5 மாதம். கணவர் காலையில் வேலைக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். மாமியார் கூட இருக்கிறார், ஆனால் முழங்கால் வலி. நடுப்பையன் சோறு தின்ன மறுக்கிறான், தாய்ப்பால் கேட்டு அழுகிறான், பாப்பாவைக் கடித்து வைக்கிறான். "பெரியவன் ஆகியும் அவனுக்குப் புத்தி வரவில்லை. நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கிறேன். மூன்று பேரையும் எப்படித்தான் வளர்ப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

நான் கிராம சுகாதார செவிலியராகப் பல வருஷம் வேலை பார்த்தவள். எடை பார்க்க, ஊசி போட என்று வீடு வீடாகப் போனதில் இப்படிப்பட்ட வீடுகளை நிறையவே பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

"பெரியவன் ஆகியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பெரியவன் இல்லை அம்மா, அவனுக்கு இரண்டரை வயது. அடுத்த குழந்தை பிறந்ததும் முந்தின குழந்தை நம் கண்ணுக்கு ஒரே நாளில் வளர்ந்துவிடுகிறது. நேற்று வரை மடியில் கிடந்த பிள்ளையிடம் இன்று "நீதான் பெரியவன், விட்டுக்கொடு" என்கிறோம். இதே பையன் பக்கத்து வீட்டில் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்திருந்தால் இன்னும் அவனை எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்தடுத்துப் பெற்ற வீடுகளில் நான் பார்த்த தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்கின. சாப்பாடு, தூக்கம், ஊசி, கோபம் என்று எல்லாவற்றிலும் ஒரு பிள்ளையை அதன் வயதுக்கு முன்பே பெரியவனாக்கிவிடுகிறோம். உங்கள் வீட்டில் இருப்பது மூன்று குழந்தைகள். பெரிய பிள்ளை என்று யாரும் இல்லை. அப்படி வைத்துக்கொண்டு பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

நடுப்பையனிலிருந்து தொடங்குகிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். அவனுக்குச் சுமார் 16 மாதம் இருக்கும்போது நீங்கள் மறுபடி உண்டாகியிருக்கிறீர்கள். கர்ப்பம் நாலைந்து மாதம் ஆகும்போது பல தாய்மாருக்குப் பால் குறையும், ருசியும் மாறும். சில பிள்ளைகள் அப்போது தானாகவே விட்டுவிடும். சில வீடுகளில் வேப்பெண்ணெய் தடவி நிறுத்திவிடுவார்கள். எப்படி நின்றிருந்தாலும், இரண்டு வயது முடிவதற்கு முன்பே அவனுக்குப் பால் போய்விட்டது. இப்போது அதே பால் இன்னொரு குழந்தையின் வாயில் இருப்பதை நாளுக்குப் பத்துத் தடவை பார்க்கிறான். அவன் அழுவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

நம் பக்கம் சவலைப் பிள்ளை என்று சொல்வது இந்தப் பிள்ளையைத்தான். கை கால் மெலிந்து, வயிறு உப்பி, எப்போதும் சிணுங்கிக்கொண்டிருக்கும். ஏக்கத்தால் மெலிந்துவிட்டது என்பார்கள். ஏக்கம் உண்மைதான், ஆனால் உடம்பு மெலிவது சாப்பாட்டால். பால் நின்ற இடத்தில் அதற்கு ஈடான சாப்பாடு வந்து சேரவில்லை. இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. இன்று கானா என்று சொல்லப்படும் நாட்டில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 1933-இல் இதைத்தான் எழுதினார். அடுத்த குழந்தை வந்ததும் பால் மறக்கடிக்கப்பட்டு, வெறும் மக்காச்சோளக் கஞ்சியில் வளரும் பிள்ளைகளுக்குக் கை கால் வீங்கி உயிருக்கே ஆபத்தாவதை அவர் கவனித்தார். வயிறு நிறைகிறது, புரதம் போய்ச் சேரவில்லை. நம் வீடுகளில் மக்காச்சோளத்தின் இடத்தில் ரசம் சாதமும் பிஸ்கட்டும் இருக்கின்றன.

ஆகவே முதலில் அவன் உண்மையிலேயே மெலிந்திருக்கிறானா என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கன்வாடியில் கையின் சுற்றளவை அளக்க ஒரு நாடா வைத்திருப்பார்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி அளக்க வேண்டும். 6 மாதத்திலிருந்து 5 வயது வரை ஒரே அளவுதான். 12.5 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் பயமில்லை. 11.5-க்கும் 12.5-க்கும் நடுவில் இருந்தால் கூடுதல் உணவும் கண்காணிப்பும் வேண்டும். 11.5-க்குக் கீழே போனால், அல்லது இரண்டு பாதத்திலும் வீக்கம் இருந்து விரலால் அழுத்தினால் குழி விழுந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை. "ஒல்லியாத்தான் இருக்கான், அவங்க அப்பா மாதிரி" என்று நாமே முடிவு செய்துகொள்வதைவிட நாடா சொல்வதைக் கேட்பது நல்லது.

அளவு சரியாக இருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பிறந்த எடை 5 மாதத்தில் இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு, இரண்டு வயதில் நான்கு மடங்கு என்று ஏறும். அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு கிலோ ஏறினாலே போதும். வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. இரண்டரை வயதுப் பிள்ளை ஒரு வேளை நன்றாகத் தின்று அடுத்த வேளை இரண்டு வாயோடு எழுந்து போவது வழக்கம்தான்.

சோறு மறுக்கும் பிள்ளைக்குப் பசும்பால் டம்ளர் டம்ளராகப் போகிறதா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றுக்கு இடமே இருக்காது, இரத்தசோகையும் வரும். பால் பாட்டிலை நிறுத்தி டம்ளருக்கு மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு முந்தின ஒரு மணி நேரம் பிஸ்கட், டீ, பாக்கெட் தின்பண்டம் எதுவும் வேண்டாம். மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சமைத்து அலைய வேண்டாம். குழைய வேகவைத்த பருப்பும் சோறும், முட்டை, முருங்கைக்கீரை, உருளைக்கிழங்கு, மீன் சாப்பிடும் வீடென்றால் முள் எடுத்த மீன், மேலே கொஞ்சம் நெய் அல்லது எண்ணெய். காரம் போடுவதற்கு முன் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தால் இரண்டு பெரிய பிள்ளைகளுக்கும் ஆச்சு. அடுத்த மாதம் கைக்குழந்தைக்கு 6 மாதம் முடிந்ததும் அதிலேயே மசித்து ஊட்டத் தொடங்கலாம்.

சரி, தாய்ப்பால் கேட்கிறானே, கொடுக்கலாமா? கொடுக்கலாம். கெட்டுப்போன பால், சூட்டுப் பால் என்று சொல்வதெல்லாம் தேவையில்லாத பயம். உலக சுகாதார நிறுவனமே இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்கிறது. ஒரே ஒரு கட்டுப்பாடு: கைக்குழந்தைக்கு இப்போது பால் மட்டும்தான் உணவு, அதனால் எப்போதும் அவள் குடித்து முடித்த பிறகுதான் அவன். உறிஞ்சுவதைப் பொறுத்துப் பால் சுரப்பதால் இரண்டு பேர் குடித்தாலும் ஊறும். ஆனால் அது உங்கள் உடம்பிலிருந்துதான் வருகிறது. ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கவே தினமும் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். உங்களால் முடியவில்லை, அவன் வாய் வைத்தாலே எரிச்சலாக இருக்கிறது என்றால் கொடுக்க வேண்டாம், அதில் தப்பில்லை. பல பிள்ளைகள் கேட்பது பாலை இல்லை, மடியை. பாப்பா குடித்து முடித்ததும் "இப்போ உன் முறை" என்று அவனை மடியில் போட்டு ஐந்து நிமிஷம் தலையைக் கோதுங்கள். தினமும் தவறாமல் அதே நேரத்தில் கிடைக்கும் என்று அவனுக்கு நம்பிக்கை வந்தால், மற்ற நேரத்து அழுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

கடிப்பதைப் பற்றி. இந்த வயதில் கோபம் முழுசாக வந்துவிடும், அதைச் சொல்ல வார்த்தை இன்னும் வந்திருக்காது. அதனால் பல்லும் கையும் பேசும். திருப்பிக் கடித்துக் காட்டுங்கள், வாயில் மிளகாய் தேயுங்கள் என்று யோசனை சொல்ல ஆட்கள் இருப்பார்கள். செய்யாதீர்கள். பெரியவர்களே கடித்தால் கடிக்கலாம் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். குனிந்து அவன் கண்ணுக்கு நேராக, குரலை உயர்த்தாமல், "பாப்பாவைக் கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொள்ளுங்கள். பெரிய பேச்சு வேண்டாம். அப்புறம் அவன் அமைதியான பிறகு, "கோபம் வந்தா அம்மாகிட்ட ஓடி வா" என்று சொல்லிக் கொடுங்கள். பல தடவை சொல்ல வேண்டியிருக்கும். முக்கியமாக, அவனையும் பாப்பாவையும் ஒரே அறையில் தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகாதீர்கள். கெட்ட எண்ணம் இருக்கிறது என்பதற்காக இல்லை, இரண்டரை வயதுக் கைக்குத் தன் பலம் தெரியாது. அன்பாகக் கட்டிப்பிடிக்கும்போதே முகத்தில் ஏறிப் படுத்துவிடும்.

அப்புறம் உறவுக்காரர்கள். "இனிமே அம்மாவுக்குப் பாப்பாதான், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சீண்டிச் சிரிக்கும் அத்தையும் மாமாவும் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களுக்கு அது விளையாட்டு. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அது செய்தி. அப்படியே நம்பிவிடும். அந்தப் பேச்சை முகத்துக்கு நேரே நிறுத்தச் சொல்லுங்கள். மாமியார் சொன்னால் இன்னும் எடுபடும். அவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.

அவன் மறுபடி படுக்கையை நனைத்தால், மழலை பேசினால், கால் இருந்தும் தூக்கச் சொன்னால் அதுவும் இந்தக் காலத்தில் வருவதுதான். கழிப்பறைப் பழக்கத்தை இப்போது வற்புறுத்தத் தொடங்க வேண்டாம். வீடு கொஞ்சம் நிலைக்கு வரட்டும்.

மூத்தவளைப் பற்றி வயதைத் தவிர நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எனக்குக் கவலை அங்கேதான். தொல்லை தராத பிள்ளை என்பதால் அவள் கண்ணில் படுவதில்லை. நம் ஊரில் மூத்தது பெண்ணாக இருந்துவிட்டால் 4 வயதிலேயே அவளைச் சின்ன அம்மாவாக்கிவிடுகிறோம். தம்பியைப் பார்த்துக்கொள், பாப்பாவுக்குத் தூளி ஆட்டு, சத்தம் போடாதே. துணி எடுத்து வா, பாப்பாவுக்குப் பாட்டுப் பாடு என்று கேட்பது நல்லதுதான், அவளுக்கும் பெருமையாக இருக்கும். ஆனால் ஒரு குழந்தையைக் காப்பது அவள் வேலையாகக் கூடாது. தூளியை வேகமாக ஆட்டிக் குழந்தை கீழே விழுந்ததையும், மடியில் வைத்திருந்த குழந்தை நழுவியதையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்கியது அந்தச் சின்னப் பெண்தான். அவளை நம்பி விட்டுப் போன பெரியவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கென்று தினமும் கொஞ்ச நேரம் வேண்டும். தலை பின்னும் நேரம் போதும். அப்போது தம்பியைப் பற்றியோ பாப்பாவைப் பற்றியோ பேசாமல் அவளைப் பற்றி மட்டும் கேளுங்கள். "அக்காவைப் பார், எவ்வளவு சமர்த்து" என்று தம்பியிடம் ஒப்பிட்டுச் சொல்வதையும் விட்டுவிடுங்கள். தம்பிக்கு அவள் மேல் எரிச்சல் வரும், அவளுக்கோ அழவே பயம் வரும்.

பிள்ளைகளைப் பெரியவர்களாக்காமல் இருக்க வேண்டுமானால் வேலைக்கு உண்மையான பெரியவர்கள் வேண்டும். நீங்கள் ஒருவர் போதாது. தினம் கத்துவதற்குக் காரணம் உங்கள் குணம் என்று நினைக்காதீர்கள். ஆள் பற்றாத இடத்தில் யாராக இருந்தாலும் குரல் உயரத்தான் செய்யும்.

முதல் உதவி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. 2 வயது முடிந்த பிள்ளைகளை அங்கன்வாடியில் சேர்க்கலாம், உங்கள் வீட்டில் இரண்டு பேர் அந்த வயதில் இருக்கிறார்கள். காசு இல்லை. மதியம் சூடான சோறு, முட்டை, பாட்டு, விளையாட்டு, மாதாமாதம் எடை. வீட்டில் வாய் திறக்காத பிள்ளை அங்கே மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தட்டைக் காலி செய்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பாப்பா வந்ததால் தன்னை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று பையனுக்குத் தோன்றாமல் இருக்க, முதல் சில நாள் அக்காவோடு சேர்த்து நீங்களோ அப்பாவோ கொண்டு போய் விட்டுச் சிறிது நேரம் இருங்கள். "அங்கன்வாடியா?" என்று முகம் சுளிப்பவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். அந்த மூன்று நான்கு மணி நேரத்தில் நீங்களும் கைக்குழந்தையும் தூங்கலாம். தூங்குங்கள். பாத்திரம் கிடக்கட்டும்.

மாமியாரால் ஓட முடியாது, உட்கார முடியும். உட்கார்ந்து செய்யும் வேலைகளை அவரிடம் கொடுங்கள்: ஊட்டுவது, கதை சொல்வது, பாப்பாவை மடியில் வைத்துக்கொள்வது, துணி மடிப்பது. ஓடும் பிள்ளையைப் பிடிக்கச் சொல்லாதீர்கள், அவர் விழுந்தால் இன்னொரு கஷ்டம்.

கணவர் எட்டு மணிக்கு வருகிறார் என்றால் எட்டரையிலிருந்து இரண்டு மூத்த பிள்ளைகளும் அவர் பொறுப்பு. கை கால் கழுவி, துணி மாற்றி, கதை சொல்லித் தூங்க வைப்பது வரை. உதவி செய்கிறேன் என்று அவர் சொல்லக் கூடாது, அவர் பிள்ளைகள் அவை. படுக்கும்போது கைக்குழந்தை உங்கள் பக்கம், நடுப்பையனும் மூத்தவளும் அப்பா பக்கம். கைக்குழந்தைக்கும் நடுப்பையனுக்கும் நடுவில் ஒரு பெரியவர் கட்டாயம் படுக்க வேண்டும். பாப்பாவை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், முகத்தருகே தலையணையோ கனத்த போர்வையோ வேண்டாம்.

நாளை ஒழுங்குபடுத்த மணிக்கணக்கான அட்டவணை போட வேண்டாம், உடைந்துவிடும், உடைந்தால் உங்களுக்குத்தான் வருத்தம். இரண்டே இரண்டு நேரத்தை மட்டும் அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள்: மதியத் தூக்கமும் இரவுத் தூக்கமும். மற்றதெல்லாம் முன்னே பின்னே போகட்டும். எல்லா வீட்டிலும் மோசமான நேரம் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு. மூன்றும் களைத்து, பசித்து, ஒன்றாக அழும். அந்த நேரத்தில் சமைக்கத் தொடங்காதீர்கள். முன்பே செய்து வைத்துவிட்டு, வெயில் இறங்கியதும் மூன்று பேரையும் வாசலுக்குக் கொண்டு போங்கள். இந்த நேரத்தில்தான் கையில் போனைக் கொடுக்கத் தோன்றும். ஒரு நாள் முடியாமல் கொடுத்தால் குடி முழுகாது. ஆனால் சாப்பாட்டோடு போனைச் சேர்த்துவிடாதீர்கள், அப்புறம் அது இல்லாமல் வாய் திறக்காது.

இப்போது உங்கள் உடம்பு. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, போன இரத்தமும் சத்தும் திரும்பச் சேர அவ்வளவு காலம் ஆகும் என்பதால். உங்களுக்கு அந்த இடைவெளி இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. இதை உங்களைக் குறை சொல்லச் சொல்லவில்லை. எப்போதும் களைப்பு, மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, சட்டென்று எரிச்சல் வருவது இதெல்லாம் இரத்தசோகையாகவே இருக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். குழந்தை பிறந்ததும் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். டீ, காபி, பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போட வேண்டாம், சத்து ஏறாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாக ஏறும்.

களைப்பு வேறு, மனச்சோர்வு வேறு. குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, குழந்தையையோ உங்களையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று எண்ணம் வருகிறது என்றால் அதை மறைக்காதீர்கள். இது நோய், மருந்து இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது.

அடுத்ததைச் சொல்லத் தயங்க மாட்டேன், ஏனென்றால் உங்களுக்கு இதில் ஒரு மாதம்தான் இருக்கிறது. பால் கொடுக்கும் வரை கரு தங்காது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அது மூன்று விஷயமும் ஒன்றாக இருக்கும் வரைதான்: குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும், மாதவிலக்கு திரும்பி வந்திருக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போய்விடும். மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும் என்பதால் ஒரு தடவைகூடத் தூரமாகாமலே அடுத்தது தங்கிவிடும். கரு தங்காமல் இருக்க அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காப்பர் டி போடுவார்கள், 10 வருஷம் வரை நிற்கும் வகை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா ஊசி இருக்கிறது. சாயா மாத்திரை இருக்கிறது, முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. இவை தாய்ப்பாலைக் குறைப்பதில்லை, எல்லாம் இலவசம். இனிக் குழந்தை வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தால், ஆண்களுக்கான தழும்பில்லாத கருத்தடைச் சிகிச்சை பெண்களுக்குச் செய்வதைவிட எளிது. தையல்கூடக் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்று மாதம் வரை மட்டும் ஆணுறை வேண்டும். பலம் போய்விடும் என்பது வதந்தி. மூன்று பிள்ளை பெற்ற உடம்பை மறுபடி கத்திக்கு அனுப்புவதற்கு முன் இதை உங்கள் கணவரிடம் பேசுங்கள்.

வீட்டுக்குள் உள்ள ஆபத்தும் வயது நெருக்கத்தால் கூடுகிறது. பெரிய பிள்ளைக்குச் சரியான பொருள் சின்னதுக்கு எமனாகலாம். அக்கா தின்னும் வேர்க்கடலையை ஆசையாகப் பாப்பா வாயில் வைப்பாள். பொம்மையில் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே ஓட வேண்டும். எனக்கு எப்போதும் பயம் தரும் இன்னொன்று, மேலே சொன்ன அதே இரும்புச்சத்து மாத்திரை. நமக்கு மருந்து, இரண்டரை வயதுப் பிள்ளைக்கு மிட்டாய் மாதிரித் தெரியும். ஒரு அட்டையைப் பிரித்துத் தின்றுவிட்டால் உயிருக்கு ஆபத்து. பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டுங்கள். ஒன்றைக் குளிப்பாட்டும்போது இன்னொன்று அழுதால், குளிக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பிள்ளை மூழ்க அரை வாளித் தண்ணீர் போதும், சத்தமே வராது. வண்டியில் மூன்றையும் முன்னும் பின்னும் ஏற்றிப் போகாதீர்கள். 9 மாதத்திலிருந்து 4 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதியே இருக்கிறது.

ஒன்றுக்குச் சளி பிடித்தால் மூன்றுக்கும் பிடிக்கும், இதைத் தடுக்க முடியாது. ஆனால் மருந்தைப் பகிராதீர்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலில் கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், பெரிய பிள்ளைக்கான சாதாரண சிரப்போ 5 மில்லியில் 125. அதாவது சொட்டு மருந்து நாலு மடங்கு கெட்டி. சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் கல்லீரல் கெடக்கூடும். ஒவ்வொரு பாட்டிலிலும் பிள்ளையின் பெயரை ஒட்டி வையுங்கள். 2 வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப் வேண்டவே வேண்டாம். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் போதும். துத்தநாகம் 6 மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே பாதி. மூச்சு எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்: குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிஷத்துக்கு, கைக்குழந்தைக்கு 50-ம் அதற்கு மேலும், மற்ற இருவருக்கு 40-ம் அதற்கு மேலும் போனால், அல்லது மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினால், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாகத் தடுப்பூசி. 16-லிருந்து 24 மாதத்துக்குள் போட வேண்டிய பூஸ்டர் ஊசிகளும் தட்டம்மை ரூபெல்லா இரண்டாம் தவணையும் உங்கள் பையனுக்கு எப்போது வந்திருக்கும் என்று பாருங்கள். நீங்கள் மூன்றாவதை வயிற்றில் வைத்துக்கொண்டு மசக்கையில் கிடந்த மாதங்கள் அவை. அடுத்தடுத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நடுப்பிள்ளையின் அட்டையில் காலியாகக் கிடக்கும் கட்டம் பெரும்பாலும் இதுதான். விட்டுப்போயிருந்தால் இப்போதும் போடலாம். தட்டம்மை ஊசியை 5 வயது வரை போடுவார்கள். அவனும் அக்காவும் ஊசி போட்டுக்கொண்டால் 9 மாதம் ஆகாத பாப்பாவுக்கும் அது காவல், ஏனென்றால் தட்டம்மையும் கக்குவானும் கைக்குழந்தைக்குப் பல நேரம் கூடப்பிறந்தவர்கள் வழியாகத்தான் வருகிறது. வருகிற புதன்கிழமை ஊசி போடும் நாளில் மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு துணைக்கு ஒருவரோடு போங்கள். பையனின் கைச் சுற்றளவை அங்கேயே அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூத்த பிள்ளைகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவமும் குடற்புழு மாத்திரையும் பாக்கி இருக்கிறதா, வாரம் இரண்டு தடவை ஒரு மில்லி கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் கிடைக்குமா என்று கேளுங்கள். உங்கள் ஹீமோகுளோபினையும் அன்றைக்கே பார்க்கச் சொல்லிவிட்டு, காப்பர் டி-யா ஊசியா என்று செவிலியரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டு வாருங்கள்.